ஒரு நாட்டின் மேல் இன்னொரு நாடு வழக்குப் போட்டால்: சர்வதேச நீதிமன்ற வழக்கைப் பின்தொடரும் வழி

‘அவர்களைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுப்போம்’ என்று ஏதாவது ஒரு நாட்டின் அமைச்சர் முழங்குவது அடிக்கடி செய்தியில் வரும். இழுக்க முடியாது என்பதுதான் இங்கே முதல் பாடம். சாதாரண நீதிமன்றத்தில் சம்மன் வந்தால் போயே ஆகவேண்டும். போகாவிட்டால் வாரண்ட், தோற்றால் ஜப்தி. நாடுகளுக்கு மேலே அப்படி ஒரு போலீஸ் கிடையாது. ஏதோ ஒரு வகையில் முன்பே சம்மதம் கொடுத்த நாட்டின் மீதுதான் வழக்கு நிற்கும். அந்தச் சம்மதம் எப்போது, எந்தக் காகிதத்தில் கொடுக்கப்பட்டது என்று தேடத் தெரிந்துவிட்டால் பாதி வழக்கு புரிந்த மாதிரி.

பொதுப்படையாகச் சொல்லிக்கொண்டே போனால் தலை சுற்றும். அதனால் ஒரே வழக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்போம். கம்போடியாவுக்கும் தாய்லாந்துக்கும் இடையிலான பிரே விகார் கோயில் வழக்கு. டாங்ரெக் மலைத்தொடரின் விளிம்பில், செங்குத்தான பாறை முனையில் கெமர் அரசர்கள் கட்டிய சிவன் கோயில் அது. வழக்கு போட்டது 1959-இல், தீர்ப்பு 1962-இல், அந்தத் தீர்ப்புக்கே விளக்கத் தீர்ப்பு 2013-இல். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டங்கள் கிட்டத்தட்ட எல்லாமே இதற்குள் இருக்கின்றன.

முதல் படி: எந்த நீதிமன்றம்?

நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றங்கள் பல இருக்கின்றன. செய்தியாளர்களே குழம்புகிறார்கள். நாம் பேசுவது ஐக்கிய நாடுகள் சபையின் அங்கமான சர்வதேச நீதிமன்றத்தைப் பற்றி. 1945-இல் ஐ.நா. சாசனத்தோடு உருவாகி, 1946-இல் வேலையைத் தொடங்கியது. அமைதி அரண்மனை என்ற கட்டடத்தில் உட்காருகிறது. இங்கே வாதியும் பிரதிவாதியும் நாடுகள் மட்டுமே. நீங்களோ நானோ, ஒரு கம்பெனியோ, ஒரு மாநில அரசோ மனுப் போட முடியாது.

அதே ஊரில் இருக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் வேறு. 2002-இல் வந்தது. போர்க்குற்றம், இனப்படுகொலை போன்றவற்றுக்காகத் தனி மனிதர்களை விசாரிப்பது. ஆக, செய்தியில் கைது வாரண்ட் என்ற சொல் வந்தால் அது நம் நீதிமன்றம் இல்லை.

மூன்றாவதாக, நிரந்தர நடுவர் மன்றம். இது அதே அமைதி அரண்மனைக்குள்ளேயே இருப்பதால் குழப்பம் அதிகம். 2016-இல் தென்சீனக் கடல் விவகாரத்தில் பிலிப்பைன்ஸுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பு, இந்த மன்றத்தைச் செயலகமாகக் கொண்ட நடுவர் குழு கொடுத்தது. ஆனால் பலரும் சர்வதேச நீதிமன்றத் தீர்ப்பு என்றே எழுதினார்கள். கடைசியில் அந்த நீதிமன்றமே ‘எங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை’ என்று தன் இணையதளத்தில் அறிவிப்புப் போட வேண்டியதாயிற்று.

ஒரு தனி மனிதருக்காக அவருடைய நாடு வழக்குப் போடலாமா? போடலாம். 2017-இல் பாகிஸ்தானில் மரண தண்டனை விதிக்கப்பட்ட குல்பூஷண் ஜாதவுக்காக இந்தியா போனது அப்படித்தான். ஆனால் வழக்கில் கட்சிக்காரர் இந்தியா, ஜாதவ் அல்ல.

இரண்டாம் படி: தலைப்பில் என்ன குறி இருக்கிறது?

இதைப் பலர் கவனிப்பதில்லை. வழக்கின் பெயரில் இரண்டு நாடுகளுக்கு நடுவே ‘எதிர்’ என்று இருந்தால், ஒரு நாடு தன்னிச்சையாக மனுப் போட்டு மற்றதை அழைத்திருக்கிறது என்று அர்த்தம். வெறும் சாய்வுக்கோடு இருந்தால், இரண்டும் பேசிவைத்துக்கொண்டு ‘எங்களால் முடியவில்லை, நீங்களே தீர்த்துவையுங்கள்’ என்று சேர்ந்து வந்திருக்கின்றன. பெட்ரா பிராங்கா தீவு யாருக்கு என்று மலேசியாவும் சிங்கப்பூரும் கேட்டது சாய்வுக்கோட்டு வழக்கு. 2008-இல் தீவு சிங்கப்பூருக்கு என்றும், பக்கத்துப் பாறைகள் மலேசியாவுக்கு என்றும் தீர்ப்பு வந்தது. சேர்ந்து வந்த வழக்குகளில் சண்டை விஷயத்தின் மேல் நடக்கும். ‘எதிர்’ வழக்குகளில் பாதிச் சண்டை, நீதிமன்றம் விசாரிக்கலாமா கூடாதா என்பதிலேயே போய்விடும்.

பிரே விகார் ‘எதிர்’ வகை. 1959 அக்டோபர் 6 அன்று கம்போடியா தாய்லாந்துக்கு எதிராக மனுவைத் தாக்கல் செய்தது.

மூன்றாம் படி: சம்மதம் எந்த வாசல் வழியாக வந்தது?

இந்தப் படியில்தான் அவசரப்படாமல் நிற்க வேண்டும். ஐ.நா. உறுப்பு நாடுகள் எல்லாமே இந்த நீதிமன்றத்தின் சட்டவிதியை ஏற்றவைதான். ஆனால் அது உறுப்பினர் அட்டை மாதிரி. அதை வைத்துக்கொண்டு யார்மேலும் வழக்குப் போட்டுவிட முடியாது. தனியாகச் சம்மதம் வேண்டும்.

முதல் வாசல், மேலே சொன்ன சிறப்பு உடன்பாடு.

இரண்டாவது, ஒப்பந்தங்களுக்குள் இருக்கும் ஒரு பிரிவு. ‘இந்த ஒப்பந்தத்தைப் பற்றித் தகராறு வந்தால் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம்’ என்று பல பன்னாட்டு ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். கையெழுத்துப் போடும்போது யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பல வருடம் கழித்து அந்த வரி வந்து கழுத்தைப் பிடிக்கும். இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தின் 9-ஆவது பிரிவு அப்படிப்பட்டது. 2019-இல் காம்பியா அதைப் பிடித்துக்கொண்டுதான் ரோஹிங்கியா மக்களுக்காக மியான்மர்மேல் வழக்குப் போட்டது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த வாசல் வழியாக வந்தால் அந்த ஒப்பந்தம் பேசும் விஷயத்தை மட்டுமே கேட்கலாம். ஒரு போரின் எல்லாக் கொடுமைகளும் மனுவில் ஏன் இல்லை, இனப்படுகொலை என்ற ஒரே சொல்லைச் சுற்றியே ஏன் வாதம் ஓடுகிறது என்று தோன்றினால் பதில் இதுதான். வாசலின் அகலம்தான் வழக்கின் அகலம்.

மூன்றாவது, பொது அறிவிப்பு. ‘இதே மாதிரி அறிவிப்புக் கொடுத்த எந்த நாடும் என்மேல் வழக்குப் போடலாம்’ என்று ஒரு நாடு முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கொடுத்திருக்கின்றன. ஆனால் அடிக்குறிப்பைப் படிக்காமல் நம்பிவிடாதீர்கள். விலக்குகள் நிறைய இருக்கும். இந்தியாவின் அறிவிப்பில் காமன்வெல்த் நாடுகளுடனான தகராறுகளுக்கு விலக்கு உண்டு. 1999-இல் தன் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியதற்காகப் பாகிஸ்தான் இந்தியாமேல் போட்ட வழக்கு, 2000-இல் இந்த விலக்கில் முட்டி நின்றுபோனது. சரி, அப்படியானால் 2017-இல் இந்தியா எப்படிப் பாகிஸ்தான்மேல் போக முடிந்தது? துணைத் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா ஒப்பந்தத்தின் விருப்ப நெறிமுறை வழியாக, அதாவது இரண்டாவது வாசலில். ஒரே இரண்டு நாடுகள், ஒரு வாசல் மூடியிருந்தது, இன்னொன்று திறந்திருந்தது.

நான்காவதாக ஒன்று உண்டு, அபூர்வம். சம்மதமே இல்லாத நாட்டின்மேல் மனுவைப் போட்டுவிட்டு, ‘வருகிறீர்களா?’ என்று கேட்பது. 2002-இல் காங்கோ குடியரசு இப்படிக் கேட்டது, பிரான்ஸ் 2003-இல் சரி என்றது.

தாய்லாந்து வந்தது மூன்றாவது வாசலில். 1950 மே மாதத்திலிருந்து பத்து ஆண்டுகளுக்குச் செல்லும் ஓர் அறிவிப்பை அது கொடுத்திருந்தது. கம்போடியா மனுப் போட்ட தேதியைத் திரும்பப் பாருங்கள். இன்னும் ஏழே மாதம் போயிருந்தால் அறிவிப்பு காலாவதி ஆகியிருக்கும்.

நான்காம் படி: ‘முதலில் இதைச் சொல்லுங்கள்’ கட்டம்

அழைக்கப்பட்ட நாடு பெரும்பாலும் முதலில் எழுப்புவது பூர்வாங்க ஆட்சேபம்: ‘இந்த வழக்கை விசாரிக்க உங்களுக்கு அதிகாரமே இல்லை.’ இது வந்ததும் கோயில், எல்லை, போர் எல்லாம் ஓரமாக வைக்கப்படும். அதிகாரம் பற்றி மட்டும் தனி வாதம், தனித் தீர்ப்பு. இதற்கே ஒன்றிரண்டு வருடம் ஓடிவிடும். இந்தக் கட்டத்தில் ஒரு நாடு தோற்றால் ‘வழக்கில் தோற்றது’ என்று செய்தி போடுவார்கள். அது தவறு. வழக்கு இனிமேல்தான் தொடங்கப்போகிறது.

தாய்லாந்தின் ஆட்சேபம் கொஞ்சம் வேடிக்கையானது. ‘நாங்கள் 1929-இல், உங்களுக்கு முன்பு இருந்த பழைய நிரந்தர நீதிமன்றத்துக்கு ஓர் அறிவிப்புக் கொடுத்தோம். 1950-இல் அதைப் புதுப்பிப்பதாகத்தான் எழுதினோம். பழைய நீதிமன்றம் 1946-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. செத்துப்போனதை எப்படிப் புதுப்பிக்க முடியும்? எங்கள் அறிவிப்பே செல்லாது.’ அதாவது தன் கடிதம் தப்பாக எழுதப்பட்டது என்று தானே வாதாடியது. 1961 மே மாதம் நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. சம்மதம் கொடுக்கும் எண்ணம் அந்தக் கடிதத்தில் தெளிவாகத் தெரிகிறது, அது போதும் என்றது.

ஐந்தாம் படி: இடைக்கால உத்தரவு

வழக்கு முடிய வருடங்கள் ஆகும். அதற்குள் ஆள் தூக்கிலிடப்பட்டால், ஊர் அழிந்தால்? அதற்குத்தான் சட்டவிதியின் 41-ஆவது பிரிவு. இந்தக் கோரிக்கை மற்ற எல்லா வேலையையும் முந்திக்கொண்டு விசாரிக்கப்படும். ஜாதவ் வழக்கில் மனு 2017 மே 8, உத்தரவு மே 18.

இங்கே நீதிபதிகள் பார்ப்பது: அதிகாரம் இருப்பதாக மேலோட்டமாகவாவது தெரிகிறதா, கேட்கும் உரிமை நம்பத்தக்கதா, திரும்பச் சரிசெய்ய முடியாத கேடு வருமா, அவசரமா. இவ்வளவுதான். உத்தரவு கிடைத்த நாடு ஜெயித்துவிட்டது என்று கொண்டாடினால் நீங்கள் கூடவே கைதட்ட வேண்டாம்.

இந்த உத்தரவு கட்டாயமா, வெறும் அறிவுரையா என்பது ரொம்ப காலம் கேள்வியாகவே கிடந்தது. 1999 மார்ச்சில் ஜெர்மன் குடிமகன் வால்டர் லாகிராண்டின் மரண தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லி அமெரிக்காவுக்கு உத்தரவு போனது. அதே நாளில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர் இறந்த பிறகும் ஜெர்மனி வழக்கை விடவில்லை. 2001-இல் தான் நீதிமன்றம், தன் இடைக்கால உத்தரவு கட்டுப்படுத்தும் என்று தெளிவாகச் சொன்னது.

ஆறாம் படி: காகிதங்கள்

வாதி நாடு வழக்குரை, பிரதிவாதி எதிருரை, தேவைப்பட்டால் இன்னொரு சுற்று. ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் அவகாசம். பின்னிணைப்புகள் தொகுதி தொகுதியாக வரும். கட்டணம் என்று நீதிமன்றம் எதுவும் வாங்குவதில்லை. ஆனால் வக்கீல்களும் வரைபட நிபுணர்களும் சும்மா வருவார்களா? ஏழை நாடுகளுக்கு உதவ 1989-இல் ஐ.நா. பொதுச்செயலர் ஒரு நிதியம் தொடங்கியதும் அதனால்தான்.

ஆனால் எனக்கு இந்த வழக்குகளில் பிடித்ததே இந்தப் பின்னிணைப்புகள்தான். பெரிய தத்துவம் எல்லாம் ஒரு பக்கம் இருக்க, தீர்ப்பைத் திருப்புவது யாரோ ஒரு அதிகாரி எப்போதோ எழுதிய சின்னக் கடிதமாக இருக்கும். லிகிதன், சிபாடான் தீவுகள் இந்தோனேசியாவுக்கா மலேசியாவுக்கா என்ற வழக்கில் 2002-இல் மலேசியா ஜெயித்தது. ஆமை முட்டை எடுப்பதை அந்தப் பகுதியின் காலனி நிர்வாகம் ஒழுங்குபடுத்திய பதிவுகள் அதற்கு முக்கியமான சான்று.

பிரே விகாரில் அது ஒரு வரைபடம். 1904-இல் அன்றைய சயாமும் (தாய்லாந்தின் பழைய பெயர்) கம்போடியாவை ஆண்ட பிரான்ஸும் எல்லை ஒப்பந்தம் போட்டன. நீர்பிரி மேடுதான் எல்லை, அதாவது மழை எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கம் அந்த நாடு. வரைபடம் வரைய சயாமிடம் வசதி இல்லாததால் பிரெஞ்சு அதிகாரிகளையே வரையச் சொன்னது. பாரிஸில் அச்சாகி 1908-இல் வரைபடங்கள் வந்து சேர்ந்தன. அதில் கோயில் கம்போடியப் பக்கம் இருந்தது. நீர்பிரி மேட்டின்படி பார்த்தால் கோயில் எங்களுக்கு வர வேண்டும் என்பது தாய்லாந்தின் கட்சி. ஆனால் அன்றைக்கு சயாமின் உள்துறை அமைச்சராக இருந்த இளவரசர் தம்ரோங் என்ன செய்தார்? நன்றி சொல்லி, மாகாண ஆளுநர்களுக்குக் கொடுக்க இன்னும் 15 பிரதிகள் கேட்டார்.

அதோடு போகவில்லை. 1930-இல் அதே தம்ரோங் கோயிலைப் பார்க்கப் போனார். பிரெஞ்சு அதிகாரி ஒருவர் சீருடையில், பிரெஞ்சுக் கொடி பறக்க, வீட்டுக்காரர் விருந்தாளியை வரவேற்பது போல வரவேற்றார். இளவரசர் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. பிறகு புகைப்படங்கள் வேறு அனுப்பினார்.

மௌனம் சம்மதம் என்பது நம் வீட்டுப் பேச்சில் கல்யாணத்துக்குத்தான் வரும். பன்னாட்டுச் சட்டத்திலும் அது ஒரு விதி. மறுக்க வேண்டிய இடத்தில் பல பத்தாண்டுகள் வாயே திறக்காமல் இருந்துவிட்டு இப்போது வரைபடம் தப்பு என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். ஆதிக்க வல்லரசு முன்னால் ஒரு சின்ன நாடு வாயைத் திறந்தால் இன்னும் நிலம் போயிருக்கும் என்ற பயமும் அந்த மௌனத்தில் இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். அந்தக் கோணம் பெரும்பான்மைத் தீர்ப்பில் எடைபோடப்படவில்லை.

ஏழாம் படி: நேரடி வாதம்

பொதுமக்கள் பார்க்கலாம், இணையத்தில் நேரலை உண்டு. மொழி ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு. நடுவில் தலைவர், இருபுறமும் பணி மூப்புப்படி நீதிபதிகள். மொத்தம் 15 பேர், ஒன்பது ஆண்டுப் பதவி, ஒரே நாட்டிலிருந்து இரண்டு பேர் கூடாது. பொதுச்சபை, பாதுகாப்புச் சபை இரண்டிலும் பெரும்பான்மை கிடைத்தால்தான் தேர்வு. தன் நாட்டவர் யாரும் இல்லையென்றால், அந்த வழக்குக்கு மட்டும் ஒரு நீதிபதியை ஒரு கட்சி நியமித்துக்கொள்ளலாம். அப்படி வருபவர் நியமித்த நாட்டுக்கே ஓட்டுப் போடுவார் என்று நினைப்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், எப்போதும் அல்ல.

திரைப்பட நீதிமன்றத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். வக்கீல் எழுதிவைத்ததைப் படிப்பார். நீதிபதிகள் குறுக்கிடுவது அரிது, கேள்வி இருந்தால் கடைசியில் கேட்பார்கள். வக்கீல் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். 1962-இல் கம்போடியாவுக்காக வாதாட வந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் டீன் அச்சேசன். நேரம் குறைவு என்றால் கடைசி நாளை மட்டும் பாருங்கள். அன்றைக்கு ஒவ்வொரு நாட்டின் முகவரும், அதாவது வழக்கில் அந்த நாட்டின் அதிகாரபூர்வப் பிரதிநிதியும், ‘நாங்கள் கேட்பது இதுதான்’ என்று இறுதிக் கோரிக்கைகளைப் படிப்பார். தீர்ப்பு அதற்குத்தான் பதில் சொல்லும்.

ஒரு நாடு வராமலே இருந்தால்? வழக்கு நிற்காது. ஆனால் வராததால் தானாகத் தோற்கவும் செய்யாது. அதிகாரம் இருக்கிறதா, கோரிக்கை சரிதானா என்று நீதிமன்றம் பார்த்தே ஆகவேண்டும்.

எட்டாம் படி: தீர்ப்பைக் கடைசியிலிருந்து படியுங்கள்

வாதம் முடிந்து சில மாதங்களில் தீர்ப்பு பகிரங்கமாக வாசிக்கப்படும். நூறு பக்கத்துக்கு மேல் போகும். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் நாற்பதாவது பத்தியில் தூங்கிவிடுவீர்கள். கடைசிக்குப் போங்கள். ‘இந்தக் காரணங்களால்’ என்று தொடங்கும் பகுதியில் ஒவ்வொரு முடிவும் தனித்தனியாக, எத்தனைக்கு எத்தனை ஓட்டு என்ற கணக்கோடு இருக்கும்.

1962 ஜூன் 15 தீர்ப்பில் கோயில் கம்போடியாவின் நிலத்தில் இருக்கிறது: 9-க்கு 3. தாய்லாந்து தன் படையையும் காவலர்களையும் விலக்கிக்கொள்ள வேண்டும்: 9-க்கு 3. எடுத்துப்போன பொருள்களைத் திருப்பித் தர வேண்டும்: 7-க்கு 5. ஓட்டு மாறும் இடத்தில்தான் சங்கடம் இருந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அப்புறம் மாறுபட்ட தீர்ப்புகளைப் படியுங்கள். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டதை ஆஸ்திரேலிய நீதிபதி பெர்சி ஸ்பெண்டர் கடுமையாக மறுத்தார்.

முடிவில் என்ன இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். எல்லைக்கோட்டையே தீர்மானித்துச் சொல்லும்படி கம்போடியா கேட்டிருந்தது. நீதிமன்றம் வரைபடத்தைக் காரணமாக மட்டும் பயன்படுத்தியது, முடிவுப் பகுதியில் சேர்க்கவில்லை. கோயில் யாருக்கு என்று தெரிந்தது, கோயிலைச் சுற்றி எவ்வளவு நிலம் என்பது தெரியவில்லை. 2008-இல் கோயில் உலக பாரம்பரியச் சின்னமானதும் அந்த இடைவெளியில் துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

ஒன்பதாம் படி: தீர்ப்புக்குப் பிறகு

மேல்முறையீடு கிடையாது. புதிய உண்மை ஏதாவது கிடைத்தால் பத்தாண்டுக்குள் மறுஆய்வு கேட்கலாம், ஆனால் அது எளிதில் கிடைக்காது. தீர்ப்பின் பொருளில் தகராறு என்றால் விளக்கம் கேட்கலாம், அதற்குக் காலக்கெடு இல்லை. கம்போடியா 2011-இல் செய்தது அதுதான். இதற்குத் தாய்லாந்தின் புதிய சம்மதம் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள், பழைய வழக்கின் சம்மதமே போதும். அந்த ஆண்டு ஜூலையில் கோயிலைச் சுற்றி இரு தரப்புப் படையும் விலக வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. 2013 நவம்பரில், கோயில் நிற்கும் மலைமுனை முழுவதும் கம்போடியாவுக்கே என்று ஒருமனதாக விளக்கம் வந்தது.

நிறைவேற்றும் வேலை நாடுகளுடையது. செய்யாவிட்டால் பாதுகாப்புச் சபைக்குப் போகலாம். ஆனால் அங்கே வீட்டோ இருக்கிறது. 1986-இல் நிகரகுவா அமெரிக்காவுக்கு எதிராக ஜெயித்தது, அதை அமல்படுத்தக் கோரும் தீர்மானத்தை அமெரிக்காவே வீட்டோ செய்தது. இன்னொரு பக்கம், 1994 பிப்ரவரியில் ஆப்பிரிக்காவில் லிபியாவின் பிடியில் இருந்த அவுசூ நிலப்பகுதி பக்கத்து நாடான சாட்-க்கு என்று தீர்ப்பு வந்ததும், மே மாத முடிவுக்குள் லிபியா படையை விலக்கிக்கொண்டது. அல்பேனியாவோ 1949-இல் பிரிட்டனுக்குத் தர வேண்டிய 8,43,947 பவுண்டு இழப்பீட்டை இழுத்தடித்து, 1990-களில்தான் உடன்பாட்டுக்கு வந்தது.

தாய்லாந்து 1962 ஜூலையில் கோயிலை விட்டு இறங்கியது. கொடியைக் கம்பத்திலிருந்து இறக்கவில்லை. கம்பத்தையே பெயர்த்து, கொடி பறந்தபடியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு பயிற்சி வேண்டுமானால் இதோ. 2025-இல் இரு நாடுகளுக்கும் நடுவே மறுபடி மோதல் வெடித்தது. தா மோன் தோம் கோயில் உள்ளிட்ட வேறு சில இடங்களின் எல்லைத் தகராறைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவோம் என்றது கம்போடியா. மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய் வாசல்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். சேர்ந்து போகத் தாய்லாந்து தயாராக இல்லை. பொது அறிவிப்பு 1960-லேயே காலாவதியாகி, புதுப்பிக்கப்படவும் இல்லை. விளக்கம் கேட்கலாம் என்றால், பழைய தீர்ப்பு பேசியது பிரே விகாரைப் பற்றி மட்டும்தான்.